மரண தண்டனையும் அதை நிறைவேற்றும் முறைகளும்: கொங்கு வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் மாவட்டங்களில் ஒரு கொடுங்கொலை நடந்துவிட்டால், மறுநாள் காலையில் டீக்கடையிலும் பேருந்திலும் முதலில் எழுகிற பேச்சு "தூக்குல போடோணும்" என்பதுதான். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை இங்கே யாரும் பழிக்கவில்லை. ஆனால் கோபம் அடங்கிய பிறகு கேட்கப்பட வேண்டிய கேள்விகள் பல கேட்கப்படாமலே போய்விடுகின்றன. தூக்கைவிட வலி குறைந்த முறை உண்டா, அப்படி ஒன்று இருந்தால் மரண தண்டனை நியாயமாகிவிடுமா, நம் ஊர் வழக்குகள் இதைப் பற்றி என்ன காட்டுகின்றன என்பவை அவற்றுள் சில. இதை எழுதுபவர் மரண தண்டனையை எதிர்ப்பவர். அதை மறைத்துக்கொண்டு நடுநிலை காட்டுவதைவிட முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

இந்தியாவில் மரண தண்டனை எப்படி நிறைவேற்றப்படுகிறது?

சாகும் வரை கழுத்தில் தூக்கிட வேண்டும் என்று 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 354(5)-ஆம் பிரிவு கூறியது. 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 393(5)-ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. இராணுவச் சட்டத்தின்கீழ் மட்டும் சுட்டுக் கொல்லவும் இடமுண்டு. தமிழ்நாட்டில் கடைசியாகத் தூக்கிலிடப்பட்டவர் ஆட்டோ சங்கர்; அது 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் நடந்தது. நாட்டில் கடைசியாக நடந்தது 2020 மார்ச் 20 அன்று, டெல்லி திகார் சிறையில், நான்கு பேருக்கு.

தூக்கிட்டால் உடனே உயிர் போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?

எல்லாம் கணக்குப்படி நடந்தால் உண்மை. அந்தக் கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தண்டனையை ஆதரிக்கிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இங்கிலாந்தில் தூக்கு என்றால் கழுத்து நெரிபட்டு மெல்லச் சாவதுதான். 1872-இல் வில்லியம் மார்வுட் என்ற தூக்கிடுபவர், கைதியின் எடைக்கு ஏற்ப விழும் ஆழத்தை மாற்றும் முறையைக் கொண்டுவந்தார். எடை குறைந்தவர் கூடுதல் ஆழமும், எடை மிகுந்தவர் குறைந்த ஆழமும் விழ வேண்டும். அப்போதுதான் கழுத்தெலும்பு முறிந்து, தண்டுவடம் அறுந்து, நினைவு சட்டென்று போகும். நம் சிறை விதிகளும் இந்த அட்டவணையைப் பின்பற்றியே எழுதப்பட்டவை. கைதியை எடை போடுகிறார்கள், கழுத்தை அளக்கிறார்கள், அவரைவிட ஒன்றரை மடங்கு எடையுள்ள மணல் மூட்டையைக் கட்டி, கயிறு தாங்குகிறதா, பலகை ஒழுங்காகத் திறக்கிறதா என்று முன்கூட்டியே ஒத்திகை பார்க்கிறார்கள். உயிரோடு இருக்கிற ஒருவரின் எடையைக் கணக்கிட்டுச் செய்யப்பட்ட அந்த மூட்டை விழுந்து ஆடுவதைப் பார்க்கும் சிறைக் காவலரும் நம்மைப் போன்ற ஒருவர்தான்.

கணக்குத் தவறினால் இரண்டு விதமாகத் தவறும். ஆழம் குறைந்தால் எலும்பு முறியாது; மூச்சடைத்துச் சாகப் பல நிமிடங்கள் ஆகலாம். ஆழம் கூடினால் தலையே துண்டாகும். 2007 ஜனவரியில் ஈராக்கில் சதாம் உசேனின், தாய் ஒன்றாகவும் தந்தை வேறாகவும் உள்ள சகோதரருக்கு அதுதான் நேர்ந்தது. நம் நாட்டில் தூக்கிடப்பட்டவர்கள் எப்படி இறந்தார்கள் என்பதற்கு முறையான மருத்துவப் பதிவு வெகுகாலம் இருந்ததில்லை, ஏனென்றால் பெரும்பாலான சிறை விதிகள் உடற்கூறாய்வைக் கட்டாயமாக்கவில்லை. 2014 ஜனவரியில், சத்ருகன் சௌகான் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதைக் கட்டாயமாக்கியது. 1983-இல் தீனா வழக்கில் தூக்கு விரைவானது, வலி குறைந்தது என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அதற்குப் பிறகு 31 ஆண்டுகள் கழித்துத்தான் அது உண்மையா என்று ஒவ்வோர் உடலையும் பார்த்துச் சொல்லும்படி உத்தரவு வந்தது.

அப்படியானால் ஊசி போட்டுக் கொன்றால் என்ன? தூக்கத்திலேயே போய்விடுவார்களே?

இது இங்கே மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி. சட்ட ஆணையமும் 2003-இல் தனது 187-ஆவது அறிக்கையில் ஊசியை ஒரு மாற்று வழியாகச் சேர்க்கலாம் என்று பரிந்துரைத்தது. தூக்கு முறையை எதிர்த்து 2017-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கலானபோது, தூக்கே போதும் என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது.

ஒவ்வொரு புதிய முறையும் "இது வலிக்காது" என்ற உறுதிமொழியோடுதான் வந்தது. பிரான்சில் 1792-இல் கில்லட்டின் வந்தது. உயர்குடியினருக்கும் ஏழைக்கும் ஒரே விதமான, நொடியில் முடிகிற சாவு என்பது அன்று முற்போக்கான வாதம். 1890-இல் நியூயார்க்கில் முதன்முதலாக மின்சார நாற்காலியில் ஒருவரை அமர்த்தினார்கள். முதல் முறை மின்சாரம் பாய்ச்சியும் உயிர் போகாமல், அவர் மூச்சு விடுவதைக் கண்டு மறுபடியும் பாய்ச்சினார்கள். 1924-இல் நெவாடா மாநிலத்தில் நச்சுவாயு அறை வந்தது. 1982 டிசம்பரில் டெக்சாசில் முதல் நச்சு ஊசி போடப்பட்டது.

ஊசி முறையில் நெடுங்காலம் மூன்று மருந்துகள் பயன்பட்டன. முதலாவது மயக்க மருந்து. இரண்டாவது தசைகளை முடக்குவது. மூன்றாவது பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்துவது. இந்த இரண்டாவது மருந்தைக் கவனியுங்கள். முதல் மருந்து சரியாக ஏறவில்லை என்றால், மூன்றாவது மருந்து நரம்பில் நெருப்பாக எரிவதைக் கைதி உணர்வார். ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது, கத்த முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சாட்சிகள் கண்ணுக்கு அவர் அமைதியாக உறங்குவதாகவே தெரியும். ஆக, அந்த மருந்து பார்ப்பவர்களின் மனநிம்மதிக்காகச் சேர்க்கப்பட்டது. சாகிறவருக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

மருத்துவர்கள் இதில் கைவைப்பது தொழில் அறத்துக்கு மாறானது என்று உலக மருத்துவச் சங்கம் 1981-லேயே தீர்மானம் போட்டுவிட்டது. எனவே நரம்பு தேடும் வேலை பல இடங்களில் போதிய பயிற்சி இல்லாதவர்கள் கையில் போகிறது. அலபாமா மாநிலத்தில் 2022 நவம்பரில் ஒரு கைதிக்கு நரம்பு கிடைக்காமல், குத்திக் குத்திப் பார்த்துவிட்டு, அன்றைய தண்டனையைக் கைவிட்டார்கள். அதே மனிதருக்கு 2024 ஜனவரி 25 அன்று முகமூடி மாட்டி நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் கொன்றார்கள். சில விநாடிகளில் நினைவு போய்விடும் என்று அரசு சொல்லியிருந்தது. அவர் கட்டிலில் பல நிமிடங்கள் துடித்தார் என்று நேரில் இருந்த செய்தியாளர்கள் எழுதினார்கள்.

பிறகு எந்த முறைதான் மனிதத்தன்மை உள்ளது?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2015-இல் ஒரு விசித்திரமான இடத்தில் நின்றது: தன்னைக் கொல்லவிருக்கும் முறை கொடுமையானது என்று வாதிடும் கைதி, அதைவிட வலி குறைந்த, நடைமுறையில் கிடைக்கக்கூடிய இன்னொரு முறையைத் தானே காட்ட வேண்டும் என்று அது தீர்ப்பளித்தது. தன் சாவுக்குத் தானே யோசனை சொல்லும்படி ஒரு மனிதனைக் கேட்பதில் எந்த மனிதத்தன்மையும் இல்லை.

வலியைக் குறைப்பது பொருளற்றது என்று இங்கே சொல்லவரவில்லை. தண்டனை இருக்கும் வரை, வலி குறைய வேண்டும் என்று கேட்பது நம் கடமை. ஆனால் முறையைப் பற்றிய விவாதம், உடல் படும் அந்தச் சில நிமிடங்களை மட்டுமே அளக்கிறது. மரண தண்டனையின் பெரும்பகுதி அந்த நிமிடங்களுக்கு முன்னால், ஆண்டுக்கணக்கில், தனிக் கொட்டடியில் நடந்து முடிந்துவிடுகிறது.

ஆண்டுக்கணக்கில் என்றால்?

பாலாறு வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டூருக்கு மேலே, தமிழக–கருநாடக எல்லையில் 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள் பட்ட துயரம் சிறிதல்ல. அந்த வழக்கில் நால்வருக்குத் தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அவர்கள் மேல்முறையீடு செய்தபோது, 2004-இல் உச்ச நீதிமன்றம் தானாகவே அதைத் தூக்காக உயர்த்தியது. கருணை மனு ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் கிடப்பில் கிடந்து, 2013 பிப்ரவரியில் தள்ளுபடியானது. தூக்குக்கு ஏற்பாடு நடக்கும் பேச்சு எழுந்து, கடைசி நேரத்தில் தடை கிடைத்தது. 2014 ஜனவரியில், இவ்வளவு காலம் சாவை எதிர்பார்க்க வைத்ததே கொடுமை என்று சொல்லி, அவர்கள் உட்பட 15 பேரின் தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது.

ஒவ்வொரு விடியலிலும் இன்றுதானா என்று காலடி ஓசையைக் கவனித்துக்கொண்டு ஒன்பது ஆண்டுகள் இருப்பதற்குக் கயிற்றை மாற்றி ஊசியைக் கொண்டுவருவதால் எந்த மருந்தும் கிடைக்காது.

2010-இல் கோவையில் அந்த இரண்டு குழந்தைகளுக்கு நடந்ததை மறந்துவிட்டுப் பேசுகிறீர்களா?

மறக்கவில்லை. கோவையில் யாராலும் மறக்க முடியாது. பள்ளிக்குக் கிளம்பிய அக்காவையும் தம்பியையும், அவர்களுக்குத் தெரிந்த ஓட்டுநரே கடத்திப் போய், சிறுமியைச் சீரழித்து, இருவரையும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு) பாசன வாய்க்காலில் தள்ளிக் கொன்ற செய்தி வந்தபோது ஊரே உறைந்தது. பெற்றவர்களின் இடத்தில் நின்று பேசும் தகுதி இங்கே யாருக்கும் இல்லை. அவர்கள் தூக்கு கேட்டால் அதைத் தவறு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லவும் மாட்டோம்.

கேள்வி அரசைப் பற்றியது. கைதான இருவரில் ஒருவரைப் பத்து, பன்னிரண்டு நாள்களுக்குள் காவல்துறை "மோதலில்" சுட்டுக் கொன்றது. நகரில் பட்டாசு வெடித்துக் கொண்டாடினார்கள். விசாரணை இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. மற்றவர் மீது முறையான வழக்கு நடந்தது. 2012-இல் கோவை நீதிமன்றம் தூக்கு விதித்தது. உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2019 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் தூக்கு என்றார்கள். மூன்றாமவரான சஞ்சீவ் கன்னா, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதை ஏற்றுக்கொண்டே, விடுதலைக்கு இடமில்லாத ஆயுள் சிறை போதும் என்று எழுதினார். மறுஆய்விலும் அதே இரண்டுக்கு ஒன்று.

அந்தச் சாட்சியங்கள் அனைத்தையும் படித்த, சட்டத்தில் ஊறிய மூவரில் ஒருவருக்கே இந்த மனிதனைக் கொல்ல வேண்டியதில்லை என்று பட்டது. "அரிதினும் அரிதான வழக்கில்" மட்டுமே தூக்கு என்ற, 1980-ஆம் ஆண்டு பச்சன் சிங் தீர்ப்பின் அளவுகோல், இதைவிடக் கொடிய குற்றம் எது என்று கேட்கத் தோன்றும் ஒரு வழக்கிலேயே ஒருமித்த விடை தரவில்லை. அந்த அமர்வில் இன்னொரு நீதிபதி மாறி உட்கார்ந்திருந்தால் விடை மாறியிருக்கலாம். உயிரைப் பறிக்கும் முடிவு, எந்த நாளில் எந்த அமர்வு என்பதில் தொங்கக் கூடாது.

அது ஒரு வழக்கு. மற்ற வழக்குகளிலும் அப்படியா?

2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி இலக்கியம்பட்டியில் கட்சிக்காரர்கள் பேருந்தை எரித்ததில், சுற்றுலா வந்திருந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவியர் மூவர் கருகி இறந்தார்கள். மூவருக்குச் சேலம் நீதிமன்றம் 2007-இல் தூக்கு விதித்தது. உச்ச நீதிமன்றம் 2010-இல் அதை உறுதி செய்தது. அதே உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சில், அதே சாட்சியங்களின் மீது, அது கும்பல் வெறியில் நடந்தது என்று கருதி ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அவர்கள் விடுதலையாகி வெளியே வந்தார்கள். தூக்கிலிருந்து விடுதலைக்கு எட்டே ஆண்டுகளில் வந்து சேர்ந்த அந்த வழியை நினைத்தால், அந்த மாணவியரைப் பெற்றவர்களுக்கும் நீதி கிடைத்ததாகச் சொல்ல முடியாது. 1998 பிப்ரவரி 14 கோவைக் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் ஒருவருக்குக்கூடத் தூக்கு விதிக்கப்படவில்லை. உயிரிழப்பின் எண்ணிக்கையும் அளவுகோலாக இல்லை என்பது இதிலிருந்து தெரியும்.

ஆணவக் கொலைகளுக்காவது தூக்கு வேண்டாமா? இல்லாவிட்டால் சாதி வெறியர்களுக்குப் பயம் வருமா?

நம் மண்டலத்தில் இதைத் தவிர்த்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2017 டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தபோது, இனியாவது பயம் வரும் என்று பலர் நம்பினார்கள். அந்த நம்பிக்கை புரிகிறது. 2020 ஜூனில் உயர் நீதிமன்றம், அந்த இளைஞரை மணந்த பெண்ணின் தந்தையை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தூக்கை ஆயுளாக்கியது. உச்சபட்ச தண்டனையைச் சுற்றியே கவனம் குவிந்ததால், யார் ஏவினார்கள் என்பதை மேல்முறையீட்டிலும் நிற்கும்படி மெய்ப்பிக்கும் வேலை பேச்சில் பின்தங்கிப்போனது.

திருச்செங்கோட்டில் 2015-இல் பொறியியல் மாணவர் ஒருவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு வேறு வழியில் போனது. முக்கியச் சாட்சி பிறழ்ந்தும், கண்காணிப்புக் கேமராப் பதிவுகளும் சூழ்நிலைச் சான்றுகளும் வழக்கைத் தாங்கின. 2022-இல் முதன்மைக் குற்றவாளிக்குச் சாகும் வரை சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள், அந்தக் கேமராக்கள் இருந்த திருச்செங்கோடு கோயிலுக்கே நேரில் வந்து இடங்களைப் பார்த்துச் சென்று, 2023 ஜூனில் அதை உறுதி செய்தார்கள். சாதித் திமிருக்குப் பயம் வர வேண்டுமென்றால், தப்பவே முடியாது என்ற இந்த உறுதிதான் வேண்டும்.

பொதுவாகவே தூக்கு இருந்தால் குற்றம் குறையாதா?

குறையும் என்பதற்குச் சான்று இல்லை. அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2012-இல் அதுவரை வந்த ஆய்வுகளைப் பரிசீலித்து, கொலைகளைத் தடுப்பதில் மரண தண்டனைக்குப் பங்கு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்ல அவை உதவாது என்றது. நம் சட்ட ஆணையமும் 2015-இல் தனது 262-ஆவது அறிக்கையில், பயங்கரவாதக் குற்றங்கள் நீங்கலாக மற்றவற்றுக்குத் தூக்கை ஒழிக்கலாம் என்று பரிந்துரைத்தது.

தவறாகத் தண்டித்துவிட்டால்?

மகாராட்டிரத்தில் நாடோடிப் பழங்குடியைச் சேர்ந்த ஆறு பேருக்கு 2009-இல் உச்ச நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது. அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுள் கொடுத்திருந்ததைத் தானே தூக்காக உயர்த்தியது. 2019-இல் அதே நீதிமன்றம் ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தது. அதற்குள் 16 ஆண்டுகள் சிறையில் கழிந்திருந்தன. நம் நடைமுறையின் தாமதம்தான் அவர்களைக் காப்பாற்றியது. "சீக்கிரம் தூக்கிலிடு" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இங்கிலாந்தில் திமோத்தி எவன்சுக்கு அந்தத் தாமதம் கிடைக்கவில்லை. 1950-இல் தூக்கிலிடப்பட்டார், அதே வீட்டில் குடியிருந்த வேறொருவர் தொடர்கொலைகாரர் என்பது மூன்று ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. 1966-இல் அவருக்கு மன்னிப்பு வழங்கினார்கள்.

நம் நாட்டில் தூக்குக் கொட்டடியில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள் என்று டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நல்ல வக்கீல் வைக்க முடியாதவரிடம்தான் பிழை நேரும் வாய்ப்பும் கூடுதல்.

கொடியவரைத் தண்டிப்பது களை பிடுங்குவது போன்றது என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே?

சொல்லியிருக்கிறார். "கொலையிற் கொடியாரை வேந்தொறுத்தல் பைங்கூழ் களைகட் டதனொடு நேர்" என்பது செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறள், அதற்குப் பரிமேலழகர் கொலைத் தண்டனை என்றே உரை எழுதினார். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அந்த அதிகாரம் தொடங்குவது "ஓர்ந்துகண் ணோடாது இறைபுரிந்து யார்மாட்டும் தேர்ந்துசெய் வஃதே முறை" என்ற குறளோடு. யாராக இருந்தாலும் ஆராய்ந்து, ஒரு பக்கம் சாயாமல் செய்ய வேண்டும் என்ற அந்த நிபந்தனை நிறைவேறினால்தான் கடைசிக் குறளுக்கு வர முடியும். மேலே சொன்ன வழக்குகள், நம் நீதிமன்றங்கள் எவ்வளவு முயன்றும் அந்த நிபந்தனைக்கு எட்டாமல் நிற்பதைக் காட்டுகின்றன.

கொலைகாரனுக்கு நம் வரிப்பணத்தில் ஏன் சோறு போட வேண்டும்?

ஒருவரை உயிரோடு வைத்திருப்பதா வேண்டாமா என்பதைச் சோற்றுக் கணக்கில் முடிவு செய்யக் கூடாது. ஆபத்தானவர் வெளியே வந்துவிடுவாரே என்ற கவலைக்கு இடமில்லாதபடி, தண்டனைக் குறைப்பே இல்லாத நீண்டகாலச் சிறையை விதிக்கலாம் என்று 2008-இலும், பிறகு 2015-இல் அரசியல் சாசன அமர்விலும் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

தூக்குமேடையைப் பற்றி கொங்கு வரலாறு ஏதாவது சொல்கிறதா?

1805-இல் சங்ககிரிக் கோட்டையில் ஆங்கிலேயர் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டார்கள். இன்று ஆடிப் பதினெட்டு தோறும் அரசே மாலை போடுகிறது. 1946 ஜனவரி 8 அன்று, ஆலை முதலாளி தரப்பின் அடியாள் கொல்லப்பட்ட வழக்கில், சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு இளம் தொழிலாளர்கள் கோவை மத்திய சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். நாட்டின் விடுதலைக்கு அப்போது இன்னும் இருபது மாதங்கள்கூட இல்லை. இன்றைய கொலைக் கைதிகளை இவர்களோடு ஒப்பிடவில்லை. கொல்லும் அதிகாரத்தை ஓர் அரசுக்குக் கொடுத்தால், அதை யார் மீது பயன்படுத்துவது என்பதையும் அந்தந்தக் காலத்து அரசே முடிவு செய்யும் என்பதற்காக இவற்றைச் சொல்கிறோம்.

நம் பகுதியில் ஒருவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டால் அடுத்து என்ன நடக்கும்?

உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் அதை நிறைவேற்ற முடியாது; கைதி மேல்முறையீடு செய்யாவிட்டாலும் வழக்கு தானாக அங்கே போகும். பிறகு உச்ச நீதிமன்றம், திறந்த நீதிமன்றத்தில் மறுஆய்வு, அதற்கும் பிறகு பிழை திருத்தக் கோரும் சீராய்வு (curative) மனு, ஆளுநரிடமும் குடியரசுத் தலைவரிடமும் கருணை மனு என்று படிகள் உண்டு. கருணை மனு தள்ளுபடியானால் கைதிக்கும் குடும்பத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, குறைந்தது 14 நாள்கள் அவகாசம் தர வேண்டும்.

இவற்றுள் குடும்பத்தார் பெரும்பாலும் தவறவிடுவது முதல் கட்டத்தை. கைதியின் வளர்ப்பு, மனநலம், வறுமை, சிறையில் அவர் நடந்துகொண்ட விதம் ஆகிய விவரங்களை விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்று 2022-இல் மனோஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்களுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் அமர்த்தித் தரும். பள்ளிச் சான்றிதழ், மருத்துவச் சீட்டு, ஊர்க்காரர் வாக்குமூலம் என எது கையில் இருந்தாலும், தண்டனையின் அளவு பற்றிய வாதத்துக்கு முன்பே அதை அந்த வக்கீலிடம் ஒப்படைத்துவிட வேண்டும்.